கண்ணாடிக் கலை ஸ்டுடியோவில் சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப்: போகலாமா?

கேட்டவர் நியூயார்க்கில் டிசைன் முதுகலை படிக்கும் மாணவி, எஃப்-1 விசா. லாபநோக்கற்ற ஒரு கண்ணாடிக் கலை ஸ்டுடியோ கோடைக்கால இன்டர்ன் வேலைக்கு ஆள் எடுக்கிறதாம், மணிக்கணக்கில் சம்பளமும் உண்டாம். அங்கே போனால் கண்ணாடி ஊதக் கற்றுக்கொள்ளலாமா, விசாவுக்குச் சிக்கல் வருமா, பிற்பாடு வேலைக்கு இது உதவுமா, வீட்டில் என்ன சொல்வது என்று நாலு கேள்வி.

போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் கண்ணாடி ஊதக் கற்றுத்தருவதற்காக அவர்கள் உங்களுக்குச் சம்பளம் கொடுக்கப் போவதில்லை. ஸ்டுடியோ ஓடுவதற்கான வேலையை நீங்கள் செய்வதற்குத்தான் அந்தப் பணம். இதைப் புரிந்துகொண்டு போகிறவர்கள் நிறையக் கற்றுக்கொண்டு திரும்புகிறார்கள். முதல் வாரமே குழலைக் கையில் கொடுப்பார்கள் என்று நினைத்துப் போகிறவர்கள் ஒரு மாதத்தில் சலித்துப்போகிறார்கள்.

ஏன் அப்படி என்பதற்கு உலையில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். உருகிய கண்ணாடி இருக்கும் உலை 1,100 டிகிரி செல்சியஸ் அளவில் இரவும் பகலும் எரிந்துகொண்டே இருக்கும். மாலையில் அணைத்துவிட்டுக் காலையில் பற்றவைக்கிற சமாச்சாரம் இல்லை. உள்ளே கண்ணாடி உருகும் பாத்திரமான மூசை வெடித்துவிடாமல் சூட்டை மெல்ல இறக்கி மறுபடி ஏற்றப் பல நாட்கள் பிடிக்கும். ஆக, ஒருவர் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் எரிவாயு பில் ஏறிக்கொண்டே இருக்கிறது. தனி ஒரு கலைஞரால் தாங்க முடியாத செலவு இது. அதனால்தான் பொது ஸ்டுடியோ என்ற ஏற்பாடே வந்தது.

கொஞ்சம் வரலாறு சொல்கிறேன், விண்ணப்பத்துக்கும் உதவும். அறுபதுகள் வரை அமெரிக்காவில் கண்ணாடி என்றாலே பெரும்பாலும் தொழிற்சாலைதான். டிசைனர் காகிதத்தில் வரைவார், தொழிலாளி செய்வார். 1962-ல் ஒஹையோ மாநிலத்தின் டொலிடோ கலை அருங்காட்சியக வளாகத்தில் ஹார்வி லிட்டில்டன் இரண்டு பட்டறைகள் நடத்தினார். ஒரே ஆள் தன் இடத்தில் வைத்து வேலை செய்யக்கூடிய சின்ன உலை சாத்தியமா என்று பார்ப்பதுதான் நோக்கம். முதலில் உருக்கிய கலவை சரிவரவில்லை. அப்புறம் கண்ணாடி இழைத் துறையில் ஆராய்ச்சி செய்துவந்த டொமினிக் லாபினோ, இழை தயாரிக்கப் பயன்படும் கண்ணாடிக் கோலிகளை உருக்கிப் பார்க்கச் சொல்ல, வேலை நடந்தது. அதற்குப் பின் லிட்டில்டன் பாடம் எடுத்த விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிப் பல கல்லூரிகளில் கண்ணாடித் துறை வந்தது. அவரிடம் படித்த டேல் சிஹூலி 1971-ல் வாஷிங்டன் மாநிலத்துக் காட்டுப்பகுதியில் பில்சக் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவர். கல்லூரியை விட்டு வெளியே வந்த கலைஞர்களுக்கு உலை வேண்டுமே? 1977-ல் நியூயார்க்கில் சில கலைஞர்கள் சேர்ந்து தொடங்கிய பட்டறைதான் இன்றைக்கு அர்பன்கிளாஸ். 1991-ல் புரூக்ளினுக்கு, பழைய ஸ்ட்ராண்ட் தியேட்டர் கட்டடத்துக்கு மாறியது, பெரிய புதுப்பிப்பு வேலைக்குப் பின் 2013-ல் மறுபடி திறந்தார்கள். பிட்ஸ்பர்க் கிளாஸ் சென்டர் 2001-ல் வந்தது. டகோமாவின் ஹில்டாப் ஆர்ட்டிஸ்ட்ஸ், நூவர்க்கின் கிளாஸ்ரூட்ஸ் இரண்டும் பள்ளி வயதுப் பிள்ளைகளை மையமாக வைத்து நடப்பவை. யார் எந்த வருடம் இன்டர்ன் எடுக்கிறார்கள், எவ்வளவு தருகிறார்கள் என்பது வருடத்துக்கு வருடம் மாறும், அவரவர் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பணக்கணக்கைப் பாருங்கள். இந்த இடங்களுக்கு வருமானம் வகுப்புக் கட்டணம், கலைஞர்களுக்கு மணிக்கணக்கில் உலை வாடகை, அரசு மற்றும் அறக்கட்டளை நிதி, நன்கொடை, வருடாந்திர விருந்தும் ஏலமும். உலை முன் உள்ள ஒவ்வொரு மணி நேரமும் விற்கக்கூடிய சரக்கு. அதை இன்டர்னுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்தால் அந்த மாத எரிவாயு பில்லை யார் கட்டுவது? கஞ்சத்தனம் இல்லை இது, கணக்கே அப்படித்தான்.

சரி, அப்படியானால் என்ன வேலை தருவார்கள்? வகுப்புக்கு வருபவர்களைப் பதிவு செய்வது, பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது, கேலரியில் உட்கார்வது, படைப்புகளைப் படம் எடுத்து விவரம் எழுதுவது, ஏலத்துக்கு வந்த பொருட்களில் எங்கே கீறல் எங்கே குமிழி என்று குறிப்பது, பேக்கிங், நிதி கொடுத்தவர்களுக்கான அறிக்கைக்கு எண்ணிக்கை சேர்ப்பது. உலை இருக்கும் ஹாட் ஷாப் பக்கம் விட்டால், நீரில் ஊறும் மரக் கரண்டிகளுக்குத் தண்ணீர் மாற்றுவது, செய்தித்தாளை மடித்து நனைத்துக் கைப்பிடி அட்டை செய்வது (ஆமாம், உள்ளங்கைக்கும் சுடும் கண்ணாடிக்கும் நடுவே வெறும் ஈரப் பேப்பர்தான், இன்றுவரை அதற்கு ஈடு இல்லை), நிறக் கட்டைகளையும் பொடிகளையும் அடுக்குவது, உடைந்த சில்லுகளைப் பெருக்குவது.

இதில் சலிப்பான வேலைபோல் தெரியும் இரண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, அனீலரை, அதாவது ஊதிய பொருளை மெல்லக் குளிரவைக்கும் பெட்டியை, காலி செய்யும் வேலை. ஊதி முடித்த பொருளை அப்படியே வெளியே வைத்தால் மேற்பரப்பு முதலில் குளிர்ந்து இறுக, உள்ளே சூடு நிற்க, அந்த இழுபறியில் வெடித்துவிடும். அதனால் 480 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டத்தில் வைத்திருந்து, பிறகு மணிக்கணக்கில் மெல்ல இறக்குவார்கள். தடிமன் கூடினால் நேரமும் கூடும். வார்ப்பில் செய்த பெரிய சிற்பம் என்றால் வாரக்கணக்கிலும் போகும். தினமும் காலையில் அந்தப் பெட்டியைத் திறந்து, எது யாருடையது என்று எழுதி, எது விரிசல் விட்டது, விரிசல் அடியில் ஆரம்பித்ததா கைப்பிடி ஒட்டிய இடத்திலா என்று பார்த்துக்கொண்டே வந்தால், பணம் கட்டி வகுப்பில் சேர்ந்தவர்கள் பார்க்காத தோல்விகளை எல்லாம் நீங்கள் பார்ப்பீர்கள். வகுப்பில் அவரவர் செய்த ஒன்றிரண்டு பொருள்தான் கண்ணில் படும், உங்களுக்கோ ஒரு ஸ்டுடியோவின் மொத்த விளைச்சலும் படும்.

இன்னொன்று நிறச் சரக்கு அறை. எல்லாக் கண்ணாடியும் ஒன்றோடு ஒன்று சேராது. சூட்டில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் ஒவ்வொன்றுக்கும் ஒரு அளவு, அதை எண்ணாகச் சொல்வார்கள்: ஊதும் கண்ணாடி பெரும்பாலும் 96, சூளையில் உருக்கும் புல்ஸ்ஐ நிறுவன வகை 90, பாசிமணி செய்யும் இத்தாலியக் கண்ணாடி 104, ஆய்வகக் குழாய்களுக்கான போரோசிலிகேட் 33. 104 பொடி ஒரு கரண்டி 96 டப்பாவில் விழுந்துவிட்டால் அது யார் கண்ணுக்கும் தெரியாது. ஒரு வாரம் கழித்து யாரோ ஒருவருடைய பூச்சாடி அலமாரியில் நின்றபடியே பிளக்கும். அதனால் அந்த அறையை ஒழுங்காக வைத்திருக்கும் இன்டர்ன் மேல் உலைக்காரர்களுக்குத் தனி மரியாதை வரும். அந்த மரியாதைதான் பிறகு, "சாயங்காலம் ஒருத்தர் வரலே, கதவு பிடிக்க வர்றியா?" என்று உங்களைக் கூப்பிட வைக்கும்.

கதவு பிடிப்பது என்றால், மறுசூடு ஏற்றும் குளோரி ஹோலின் கதவைச் சரியான நேரத்தில் திறந்து மூடுவது. அனல் முகத்தில் அடிக்காமல் பலகை பிடிப்பது, பன்ட்டி எனும் கம்பியில் சிறு துண்டு கண்ணாடி எடுத்துவந்து நீட்டுவது, பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் சொல்லும்போது குழலில் ஊதுவது எல்லாம் அடுத்தடுத்த படிகள். கண்ணாடி ஊதுவது கூட்டு வேலை. நடுவில் இருக்கும் காஃபருக்கு (தலைமைக் கைவினைஞர்) உதவிக்கு ஆள் இல்லாமல் பெரிய பொருள் எதுவும் நடக்காது. மியூரானோவில் சிறு பையனாகப் பட்டறைக்குள் போன லினோ தால்யாபியேத்ரா மாதிரி ஆட்களும் இப்படி எடுபிடி வேலையில் தொடங்கியவர்கள்தான். அவர் 1979-ல் பில்சக்குக்கு வந்து காட்டிய நுட்பங்கள் அமெரிக்கர்களின் கைவேலையையே மாற்றின. இரண்டரை மாதத்தில் நீங்கள் நேரான ஒரு டம்ளர் செய்தால் அதுவே பெரிது. கண்ணாடி குழலில் தொங்கிவிடாமல் விடாது சுழற்றப் பழகவே பாதிக் கோடை போய்விடும்.

உண்மையிலேயே ஊதக் கற்க வேண்டும் என்றால், வேலையில் சேரும் முன்னரே இரண்டைக் கேளுங்கள்: காலி இடம் இருக்கும் வகுப்பில் கட்டணமில்லாமல் உட்கார விடுவார்களா, விற்காமல் கிடக்கும் உலை நேரத்தில் பயிற்சி செய்யலாமா. பல ஸ்டுடியோக்கள் இரண்டில் ஒன்றாவது தரும். வாய்வார்த்தையாக வேண்டாம், வேலைக் கடிதத்திலேயே ஒரு வரி போடச் சொல்லுங்கள். சம்பளமே இல்லாமல் "வேலை செய், பதிலுக்கு உலை நேரம் எடுத்துக்கொள்" என்ற ஏற்பாடும் இந்த உலகத்தில் சகஜம். அமெரிக்கக் குடிமக்களுக்கு அது பரவாயில்லை. உங்களுக்கு அதுவும் ஊதியம்தான், அனுமதியில்லாத வேலைக் கணக்கில் போய்விடும்.

விசா விஷயத்துக்கு வருகிறேன், இதில் சும்மா "பார்த்துக்கலாம்" என்று இருக்கக் கூடாது. வளாகத்துக்கு வெளியே இன்டர்ன்ஷிப் செய்ய எஃப்-1 மாணவர்களுக்கு வழக்கமான வழி சிபிடி, அதாவது பாடத்திட்டத்தோடு ஒட்டிய வேலைப் பயிற்சிக்கான அனுமதி. பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு படித்திருக்க வேண்டும், வேலை உங்கள் பாடத்திட்டத்தோடு ஒட்டியதாக இருக்க வேண்டும், பல்கலைக்கழகத்தின் டிஎஸ்ஓ (வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அதிகாரி) அதை அங்கீகரித்து உங்கள் மாணவர் சான்றான ஐ-20-ல் நிறுவனத்தின் பெயரும் தேதிகளும் போட்டுத் தர வேண்டும். அந்தத் தொடக்கத் தேதிக்கு ஒரு நாள் முன்னால் "சும்மா அறிமுகத்துக்கு வா" என்று கூப்பிட்டாலும் போகாதீர்கள். முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டால் அந்தப் படிப்பு நிலைக்கான ஓபிடி (படிப்பு முடிந்தபின் வேலை செய்யும் அனுமதி) போய்விடும். ஒரு கோடைக்கு அந்தப் பயம் இல்லை. வாரம் 20 மணி நேரம் வரை பகுதிநேரம், அதற்கு மேல் முழுநேரம்.

டிசைன் படிக்கிறவருக்குக் கேலரி வேலையையோ காட்சி வடிவமைப்பையோ பாடத்தோடு ஒட்டவைப்பது கஷ்டமில்லை. ஆனால் ஸ்டுடியோ அனுப்பும் கடிதத்தில் "பொதுவான உதவிகள்" என்று மட்டும் இருந்தால் டிஎஸ்ஓ திருப்பி அனுப்புவார். என்ன பொறுப்பு, யார் மேற்பார்வை, வாரம் எத்தனை மணி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த முகவரி என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். வரைவை நீங்களே எழுதிக் கொடுத்தாலும் தப்பில்லை. சின்ன நிறுவனங்களில் இதற்கென்று ஆள் கிடையாது, உதவியாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

"சம்பளம் வாங்காமல் செய்தால் தன்னார்வத் தொண்டுதானே, அப்புறம் அனுமதி எதற்கு?" என்று சீனியர்கள் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். சாதாரணமாகச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையை நீங்கள் இலவசமாகச் செய்வதால் அது தொண்டு ஆகிவிடாது.

பணம். லாப நிறுவனம் இன்டர்னுக்குச் சம்பளம் தராமல் இருக்கலாமா என்பதற்கு நீதிமன்றங்கள் சோதனைகள் வைத்திருக்கின்றன; ஒரு சினிமா நிறுவனத்தின் மேல் இன்டர்ன்கள் போட்ட வழக்கில் 2015-ல் வந்த தீர்ப்பு பிரபலம். லாபநோக்கற்ற இடங்களுக்கு அந்தக் கெடுபிடி அவ்வளவு இல்லை, அதனால் கலை உலகம் ரொம்ப காலம் பிள்ளைகளை ஓசியில் வேலை வாங்கியது. வீட்டில் வசதி உள்ளவர்களால் மட்டுமே அப்படி வேலை செய்ய முடியும் என்ற குறை வலுத்து, 2019-ல் கலை அருங்காட்சியக இயக்குநர்கள் சங்கமே இன்டர்ன்களுக்குச் சம்பளம் கொடுங்கள் என்று தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. ஆக உங்களுக்குச் சம்பளம் தருகிற ஸ்டுடியோ, பெரும்பாலும் ஏதோ ஒரு நிதியைத் தேடிப் பிடித்துத் தருகிறது. அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு: அந்த நிதி முடிந்தால் பதவியும் முடிந்தது. "செப்டம்பரில் பார்ட் டைமாகத் தொடரலாம்" என்று நல்ல மனதோடு சொல்வார்கள், அதை நம்பி வாடகை ஒப்பந்தம் போட்டுவிடாதீர்கள்.

நியூயார்க் நகரில் குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரி முதல் மணிக்கு 17 டாலர். வாரம் 20 மணி, 10 வாரம் என்று வைத்தால் 3,400 டாலர், வரிக்கு முன். புரூக்ளின் வாடகையை நினைத்தால் இது கைச்செலவுதான். கூட்டாட்சி அளவிலோ வெறும் 7.25 டாலர், அதனால் வேறு மாநிலத்து ஸ்டுடியோ குறைவாகச் சொன்னால் ஏமாற்று என்று உடனே முடிவுகட்ட வேண்டாம், அந்த ஊர் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

கட்டாயம் கேட்க வேண்டியது: சம்பளம் டபிள்யூ-2 வரிப் படிவத்திலா, 1099-லா? முதலாவது என்றால் நீங்கள் ஊழியர். இரண்டாவது என்றால் சுயமாகத் தொழில் செய்பவர் கணக்கு, சிபிடியில் இருப்பவருக்கு அது தேவையில்லாத தலைவலி. ஊழியராக இருந்தால் பணியிடக் காயக் காப்பீட்டிலும் வருவீர்கள். சூடும் சில்லும் உள்ள இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை, அமெரிக்க ஆஸ்பத்திரி பில் தெரியும்தானே.

அப்புறம், எஃப்-1-ல் வந்து முதல் 5 காலண்டர் வருடங்களில் வரிக்கணக்கில் வெளிநாட்டவராக இருப்பவர்களுக்குச் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் கிடையாது. சேர்ந்து 7.65 சதவீதம். சின்ன ஸ்டுடியோவின் சம்பளக் கணக்கு மென்பொருள் இதைத் தானாகப் பிடித்துவிடும், யாருக்கும் தெரியாது. முதல் சம்பளச் சீட்டையே பாருங்கள், பிடித்திருந்தால் பணிவாகச் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். வருட முடிவில் 1040-என்ஆர், 8843 என்ற வரிப் படிவங்கள் இரண்டும் போட வேண்டும். இந்திய மாணவர்களுக்கு மட்டும் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-வது பிரிவின்படி, வருமானத்தில் கழித்துக்கொள்ளும் நிலையான தொகையான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கிடைக்கும். மற்ற நாட்டு நண்பர்களைப் பார்த்து அதை விட்டுவிடாதீர்கள்.

உடம்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பருத்தித் துணி மட்டும். பாலியஸ்டர் குர்த்தா, லெக்கிங்ஸ் எல்லாம் தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். மூடிய ஷூ, முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். கோடையில் ஹாட் ஷாப் சென்னை மே மாதத்தையே தோற்கடிக்கும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். இதெல்லாம் அவர்களே சொல்வார்கள். அவர்கள் அவ்வளவாகச் சொல்லாதது தூசி. ஆறிய கண்ணாடியை மெருகேற்றும் கோல்ட் ஷாப்பில் அரைப்பது எப்போதும் தண்ணீர் ஓடும் சக்கரத்தில்தான் நடக்க வேண்டும், உலைக்குப் போடும் கலவையில் இருக்கும் சிலிக்கா தூள் நுரையீரலுக்கு நிரந்தரக் கேடு. உலையில் கலவை நிரப்பும் வேலையை உரிய முகக்கவசமும் பயிற்சியும் இல்லாமல் இன்டர்னிடம் சொன்னால், முடியாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. காய்ந்த துடைப்பத்தால் தூசி பறக்கப் பெருக்குகிற ஸ்டுடியோவைப் பார்த்தால் நான் அங்கேயே மதிப்பெண் குறைப்பேன்.

விண்ணப்பத்தில் "சிறுவயதிலிருந்தே கண்ணாடி என்னைக் கவர்ந்தது" வகையறா வேண்டாம், எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். உங்களுக்குச் சொல்ல வேறு சமாச்சாரம் இருக்கிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு. உருகிய கண்ணாடியைக் குழலாக இழுத்து நறுக்கிச் செய்த சின்னஞ்சிறு மணிகள் அங்கே ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. இதே வகை மணிகள் தென்கிழக்கு ஆசியா வரை அகழாய்வுகளில் கிடைக்கின்றன. அந்த இழுக்கும் முறை ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரை தொடர்ந்தது. அமெரிக்கக் கண்ணாடிக்காரர்களில் மணி செய்பவர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்குப் புதுச் செய்தி. இரண்டு வரி எழுதினால் போதும், கட்டுரை வேண்டாம். மீதி இடத்தில் அவர்களுக்கு உடனே பயன்படுவதை எழுதுங்கள்: பொருளைப் பளபளப்பு எதிரொளிக்காமல் படம் எடுக்கத் தெரியும், எக்செல் தெரியும், கண்காட்சிக்கான சுவர் எழுத்து வடிவமைத்திருக்கிறேன் என்பது மாதிரி. கண்ணாடியைப் படம் எடுக்கத் தெரிந்த ஆள் கிடைப்பது அவர்களுக்குப் பெரிய விஷயம்.

வீட்டில் கேட்கும் கேள்வி, "இதுக்கா அமெரிக்கா போனே?" நியாயமான கேள்விதான். இந்த இன்டர்ன்ஷிப் நேராக ஒரு வேலையைக் கொண்டுவந்து தராது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் கட்டடக் கண்ணாடி, விளக்கு வடிவமைப்பு, அருங்காட்சியகக் காட்சி அமைப்பு, நியான் என்று பல இடங்களில், பொருளைக் கையால் தெரிந்த டிசைனருக்கும் திரையில் மட்டும் பார்த்த டிசைனருக்கும் வித்தியாசம் பார்க்கிறார்கள். ஆய்வகங்களுக்குக் கண்ணாடிக் கருவி செய்வது தனித் தொழிலாகவே இருக்கிறது. நியூஜெர்சியின் சேலம் கம்யூனிட்டி காலேஜில் அதற்கென்றே படிப்பு உண்டு. ஒரு தவறான நம்பிக்கையை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள்: லாபநோக்கற்ற நிறுவனம் என்பதாலேயே அது ஹெச்-1பி வேலை விசா லாட்டரியில் இருந்து விலக்குப் பெற்றதாகாது. பல்கலைக்கழகத்தோடு முறையாக இணைந்ததாகவோ ஆராய்ச்சி நிறுவனமாகவோ இருந்தால்தான் விலக்கு, பொதுவாகக் கலை ஸ்டுடியோக்கள் அதில் வராது. உங்கள் டிசைன் படிப்பு அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்ப) பட்டியலில் இருக்கிறதா என்பதையும் ஐ-20-ல் உள்ள எண்ணை வைத்து இன்றே பாருங்கள். இருந்தாலும், ஸ்டெம் படிப்புக்குக் கிடைக்கும் 24 மாத ஓபிடி நீட்டிப்புக்கு நிறுவனம் அரசின் வேலை அனுமதி சரிபார்ப்பு முறையான இ-வெரிஃபையில் சேர்ந்திருக்க வேண்டும்.

கோடை இடங்களுக்கான விண்ணப்பம் பொதுவாகக் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும், ஏப்ரலில் தேட ஆரம்பித்தால் மிச்சம் மீதிதான். சிபிடிக்கு உங்கள் கல்லூரி எத்தனை வாரம் எடுக்கும் என்று டிஎஸ்ஓ அலுவலகத்தில் முதலில் கேளுங்கள், அதைக் கணக்கிட்டு ஸ்டுடியோவுக்குத் தேதி சொல்லுங்கள். கடிதம் எழுதித் தரவே இழுத்தடிக்கிற இடம் என்றால் இந்த வருடம் விட்டுவிட்டு, அதே ஸ்டுடியோவில் பணம் கட்டி ஒரு வார இறுதி வகுப்பில் சேர்ந்து ஆட்களைப் பழகிக்கொண்டு, அடுத்த முறை விண்ணப்பியுங்கள்.